அவன் தொடாத குடுக்கை

…நல்ல தாய் வளர்த்த பிள்ளைதான், அதில் சந்தேகமில்லை, இல்லாவிட்டால் விடிந்ததிலிருந்து மார்பளவு தண்ணீரில் நடந்து மிதவையை இழுத்துக்கொண்டு வருகிற ஒருவன், அவள் நீட்டிய குடுக்கையை ஒரு தடவைகூட வாங்காமல் தலையைத் திருப்பிக்கொள்வானா? சொந்தமில்லாத பெண்ணின் கண்முன்னால் இளவட்டம் வாயைத் திறந்து தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, நெற்றியில் ஆறு கோடு கீறி ஆம்பிளையாக்கும்போது சொல்லிக்கொடுப்பது, அதை எவன் இப்போது நினைவில் வைத்திருக்கிறான், பெண்களைக் கயிற்றில் கோத்து மாட்டோடு மாடாக ஓட்டிக்கொண்டு போனவர்களுக்கும் அதே ஆறு கோடுதான் இருந்தது… நியாதாப் குடுக்கையின் வாயைப் புல்லால் அடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியின் மறுபாதியில் மகள் நியாவாலின் தலை, தொட்டால் சுடுகிற தலை. ஐ.நா. எழுத்து போட்ட தார்ப்பாய்க்குள் காய்ந்த நாணலைத் திணித்து மூலைகளை முறுக்கிக் கட்டிய மிதவை அது, உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே நனைந்துகொண்டே இருக்கும், ஆனாலும் நடக்க முடியாத குழந்தையை வைத்துக்கொண்டு வேறெப்படிப் போவது, தெற்கே, சதுப்புக்கு நடுவில் இருக்கிற பெரிய தீவுக்கு, அங்கே மருந்து இருக்கிறதாம், வெள்ளை விமானம் சோள மூட்டை போடுகிறதாம், அங்கே மக்குவாய் இருக்கிறாராம். அவள் புருஷன். இப்போது மிதவையை இழுக்கிற இந்தத் தியேப்தான் வந்து சொன்னான். நாணலுக்குள் அவர்கள் பதுங்கியிருந்த இடத்துக்கே தேடி வந்து, கொக்குக்குஞ்சு யாரு, கொக்குக்குஞ்சோட அம்மா யாரு என்று கேட்டான். நியாவாலை வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர். அந்தப் பெயரைச் சொன்ன பிறகு வேறென்ன கேட்க வேண்டும், மிதவையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, நான் நடந்த பக்கம் மொள்ளாதீங்க, சேறு கலங்கியிருக்கும். அந்தாண்ட எட்டி மொள்ளுங்க." இதை எத்தனை தடவைதான் சொல்வான், சேறு குடிக்காமலா இத்தனை நாள் உயிரோடு இருக்கிறோம், குழந்தைப் பிணம் மிதந்த தண்ணீரையே மொண்டு குடித்தவள் அவள்… ஆனாலும் அவன் சொன்னபடி எட்டி மொண்டாள், ஏனென்றால் அவன் பேச்சில் ஒரு பயம் இருந்தது, குழந்தைக்காகப் பயப்படுகிறான், யார் பெற்ற பிள்ளையோ. வடக்குப் பக்கத்து இழுவை அவன் பேச்சில் இருந்தது. முதலில் அது உறுத்தியது. வடக்கிலிருந்துதானே வந்தார்கள் எல்லாரும். தலைநகர் ஜூபாவில் இரண்டு பெரிய மனிதர்களுக்குள் நாற்காலிச் சண்டை என்று ரேடியோவில் சொன்னபோது அது யாருக்கோ நடக்கிற சண்டை, பிறகு வேற்று மொழிச் சிப்பாய்கள் வந்தார்கள், சரி, எதிரி, புரிகிறது, ஓடினோம், திரும்பி வந்து கூரை போட்டோம். இந்தக் கோடையில் வந்தவர்கள் நுவேர் பேசினார்கள், நம் பேச்சு, நம் வசவு, நம் மாட்டுப் பாட்டு. சம்பளம் கிடையாது, பிடிக்கிற மாடு உனக்கு, பிடிக்கிற பெண் உனக்கு என்று துப்பாக்கி கொடுத்து அனுப்பியிருந்தார்களாம். அவர்களில் ஒருவன் பக்கத்துக் குடிசைக் கிழவியிடம், "பெரியம்மா, கொஞ்சம் நெருப்புக் குடுங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டான், சுங்கானில் புகையிலை பற்றவைக்கப் போகிறான் என்று நினைத்து அவளும் அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்து நீட்டினாள், அந்தக் கொள்ளியை அவளுடைய கூரையிலேயே செருகினான், அவள் ஓடிவந்தபோது துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் குத்தி உள்ளே தள்ளி, கதவைக் காலால் மிதித்துக்கொண்டே நின்றான். நியாதாப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லாததால் பாதிதான் பார்த்தாள், மீதியைக் காது கேட்டது. மாட்டுக்கொட்டிலுக்குள் ஒளிந்த பையன்களை வெளியே இழுத்து வரிசையாகப் படுக்கவைத்து இரும்பு வண்டியை ஏற்றினார்கள், ஏற்றியவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னாலும் ஓட்டினான், எதற்கு, ஏற்கெனவே முடிந்துபோனதை எதற்கு இன்னொரு தடவை… மக்குவாய் அதற்கு முன்பே மாடுகளை ஓட்டிக்கொண்டு புல்காட்டுப் பக்கம் போய்விட்டார். "நீ தண்ணிக்குள்ள போ, நான் மாட்டோட வந்து சேர்றேன்." "மாடா பொண்டாட்டியாய்யா உனக்கு?" "மாடு இல்லாமப் பொண்டாட்டி ஏதுடி?" அந்த நேரத்திலும் சிரித்தார், முன்பல் இல்லாத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அவள் பதிலே சொல்லவில்லை, தீவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

தியேப் சட்டென்று நின்றான். அவளுக்கும் கேட்டது, தண்ணீரிலும் ஓடுகிற அந்த வண்டியின் சத்தம், யானை இருமுவதுபோல. மிதவையைக் கோரைக்குள் தள்ளினான், அவள் குழந்தையின் மேல் கவிழ்ந்து படுத்தாள், அவன் கழுத்துவரை அமிழ்ந்து தலையில் பாசியைப் போட்டுக்கொண்டான். வண்டி கோரைக்கு அந்தப் பக்கம் போனது, மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எதையும் பார்க்காமலேயே கோரையை நோக்கிச் சுட்டுக்கொண்டு போனார்கள், பறவை விரட்டுகிற மாதிரி, நடுநடுவே சிரிப்பு, யாரோ ஒருவன் பாடினான். கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் "என் கால்… என் கால்" என்று கத்தினாள், சுடுகிற சத்தம் அந்தப் பக்கமே திரும்பியது, கத்தல் நின்றது, சுடுவது நிற்கவில்லை. தலைக்கு மேலே கோரைப் பூக்கள் அறுந்து அறுந்து விழுந்தன. குழந்தை அழவில்லை, அழுகிற வலு இல்லை. சத்தம் தேய்ந்த பிறகும் அவர்கள் அசையவில்லை… பிறகு அந்தப் பெண் மிதந்து வந்தாள், குப்புற, முதுகில் துணியால் கட்டியிருந்த பிள்ளை மட்டும் மேல்நோக்கி, அதன் வாய் திறந்திருந்தது. தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே மெதுவாக ஓடுகிற இடம், ஆகையால் எல்லாம் அவர்களை நோக்கித்தான் வந்து சேரும். தியேப் கையால் அவளைத் தள்ளிவிட்டான், முரட்டுத்தனமாக அல்ல, ஓடத்தைத் துறையிலிருந்து தள்ளிவிடுவதுபோல. அப்போதுதான் அவனுடைய வலது கையைப் பார்த்தாள், தோளிலிருந்து கீழ்நோக்கி நீளமாக ஒரே நேரான கீறல், விளிம்பில் சீழ் கட்டி. "கையில என்ன தம்பி?" "கோரை அறுத்துருச்சு அண்ணி." கோரை இவ்வளவு நேராகவா அறுக்கும் என்று தோன்றியது, தோன்றிய வேகத்திலேயே போய்விட்டது. எல்லார் உடம்பிலும் ஏதாவது ஒன்று இருக்கிறது, எதையெல்லாம் கேட்பது.

உச்சி வெயிலில் ஒரு திட்டு வந்தது, ஒருகாலத்தில் மாட்டுப்பட்டி இருந்த மேடு, இப்போது அதில் ஒரு குடிசை, மீன்பிடிக்கிற கோவாங் என்ற கிழவரும் அவர் மனைவி நியாகோவாவும். புகை வரக் கூடாதென்று சாணித் தணலில் ஒரே ஒரு சட்டியை வைத்திருந்தார்கள், அல்லி விதைக் கஞ்சியும் கெளுத்தி மீனும். வாசனையில் நியாதாப்புக்குக் கண் இருண்டது. கோவாங் தியேப்பைப் பார்த்துச் சிரித்தார். "டேய், அவனவன் இந்த வயசுல மாட்டைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர்றான், நீ தார்ப்பாயை இழுத்துக்கிட்டு வர்றியே, பொண்ணு கேட்டுப் போனா மாமனார்கிட்ட இதையா காட்டுவ?" "ஆமா மாமா, ஓட்டை இல்லாத தார்ப்பாய்க்கு இப்ப ரெண்டு மாடு வெலை" என்றான் தியேப், முதல் தடவையாகச் சிரித்தான், அவனுக்கும் முன்பல் இல்லை, சின்ன வயதிலேயே பிடுங்கிவிடுகிற வழக்கம், எல்லாருக்கும் இல்லைதான், ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு மக்குவாய் நினைவு வந்தது. "வாய் இருக்கு, பொழச்சுக்குவான்" என்றாள் நியாகோவா. ஆண்கள் இருவரும் சட்டியை எடுத்துக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், முறை அது. தியேப்பின் முதுகெலும்பு ஒவ்வொரு வாய்க்கும் எழும்பி எழும்பி இறங்குவதை அவள் பார்த்தாள், பாவம், எவ்வளவு பசியோ, நம்மால்தானே இத்தனை நேரம் கட்டுப்படுத்திக்கொண்டு வந்தான். பிறகு அவன் கைகழுவத் தண்ணீரோரம் போனான், கோவாங் மீதியைக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார், நியாகோவா சட்டியைக் குழந்தையின் முன்னால் வைத்தாள். "இந்தா தாயி, விரலால வழிச்சுச் சாப்பிடு." நியாவால் எழுந்து உட்கார்ந்தாள், காய்ச்சலில் கூட உட்கார்ந்தாள், கையைச் சட்டிக்குள் விட்டாள்…

தியேப் எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை, தண்ணீர் சொட்டச் சொட்டப் பாய்ந்து வந்து காலால் ஓங்கி உதைத்தான், சட்டி பறந்து கல்லில் பட்டு இரண்டாகப் பிளந்தது, கஞ்சி சேற்றில் வழிந்தது. குழந்தை மல்லாந்து விழுந்தாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விரல்களைச் சேற்றில் தேய் தேயென்று தேய்த்தான். "வாயில வச்சுதா? அண்ணி, வாயில வச்சுதா?" நியாகோவா தலையிலடித்துக்கொண்டாள். "அடப்பாவி, பட்டினி கெடக்குற பிள்ளை வாயில மண்ணப் போட்டியே! நீ வெளங்குவியா? ஒன்ன நாய் தின்ன!" கோவாங் துடுப்பை எடுத்து அவன் முதுகில் போட்டார், இரண்டு, மூன்று, கட்டை எலும்பில் படுகிற சத்தம், அவன் தடுக்கவில்லை, குழந்தையின் விரல்களை விடவில்லை. "வச்சுதா அண்ணி?" "இல்ல… இல்ல, வைக்கல." அதற்குப் பிறகுதான் கையை விட்டான். ஓங்கிய துடுப்பைக் கோவாங் பாதியில் நிறுத்தினார். அவர் பார்த்தது அவனுடைய வலது கையை. துடுப்பைத் தாழ்த்தி, எச்சிலைத் துப்பி, ஒரு அடி பின்னால் போனார். "விடுடி, நியாகோவா. பேசாத." "எதுக்கு விடணும்? என் சட்டி…" "விடுன்னா விடு." பிறகு அவர் நியாதாப்பைப் பார்த்தார். ஒரு வீட்டுக்குச் சாவு சொல்லப் போனவன் வாசலில் நின்று பார்க்கிற பார்வை அது.

இல்லை, வெயில், பசி, அதனால் தலை சுற்றுகிறது… கொன்றவன் பக்கமும் செத்தவன் பக்கமும் ஒரே பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது, மாடு கொடுத்து, கிடாரி வெட்டி, சிறுத்தைத்தோல் போட்ட பூசாரி நடுவில் நின்று தீர்த்துவைக்கிற வரைக்கும் ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீரைக்கூடப் பங்கிட்டால் சாவு, எந்தப் பக்கத்துக்கு என்று சொல்ல முடியாது, இரண்டு பக்கத்துக்கும். கொன்றவன் முதல் வேலையாகப் பூசாரியிடம் ஓடுவான், அவர் மீன் ஈட்டியால் அவன் வலது கையைத் தோளிலிருந்து கீறிச் செத்தவன் இரத்தத்தை வடியவிடுவார், அதுவரை அவன் சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறக்கக் கூடாது. தெரியாதவள் யார்? ஆனால் அதெல்லாம் ஈட்டிக் காலத்துச் சங்கதி என்று தளபதியே வந்து ஆலமரத்தடியில் கூட்டம் போட்டுச் சொன்னாரே, அரசாங்கச் சண்டையில் துப்பாக்கியால் விழுந்தவன் அரசாங்கத்தின் சாவு, அந்த இரத்தம் யார் கையிலும் ஒட்டாது, மாடும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம் என்று, கேட்டு எல்லாருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அவள் தம்பியும் சுட்டுவிட்டு வந்தான், அன்றைக்கே அம்மாவின் சட்டியில் கை வைத்துத் தின்றான், எத்தனை பேரைச் சுட்டான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் திரும்பிப் பார்க்கவில்லை, பிறகு அவனும் விழுந்தான், அவனைச் சுட்டவன் எந்தச் சட்டியில் தின்றுகொண்டிருக்கிறானோ. எல்லார் கையும் வழவழவென்று இருக்கிறது, இவன் ஒருவன் கையில் மட்டும் கீறல். எவரையோ கொன்றிருக்கிறான், சரி, இந்த நாளில் கொல்லாதவன் எவன், ஆனால் கோவாங்கோடு தின்றானே, கோவாங் வீட்டுச் சட்டி அவனுக்கு ஆகும், என் குடுக்கை ஆகாது. என் குழந்தை வாய்க்கு அவன் எச்சில் ஆகாது. அப்படியென்றால்… பெண்முன் தின்னாத மரியாதை என்று நினைத்தேனே, நல்ல தாய் வளர்த்த பிள்ளை என்று. கொக்குக்குஞ்சு என்று இவனுக்கு யார் சொன்னது? தீவில் உட்கார்ந்து சோளக்கஞ்சி குடிக்கிற மனிதன் சொல்லவில்லை. சுட்ட இடத்தில் கிடந்து, மேலே வந்து நிற்கிறவன் முகத்தைப் பார்த்து, வேறு யாரும் இல்லாததால் இவனிடம் சொல்லியிருக்கிறார், எந்த நாணல், எந்த வளைவு, குழந்தைக்கு என்ன பெயர்… சாகிற மனிதன் கொன்றவனிடமே பெண்டாட்டியை ஒப்படைப்பாரா? ஒப்படைத்திருக்கிறார். மக்குவாய் அப்படித்தான், மாடு வாங்கும்போதும் எதிரில் இருக்கிறவனை நம்பிவிடுவார்.

"பொண்ணே, நீ இங்கயே இரு" என்றார் கோவாங் மெதுவாக. "அவன் போகட்டும்." தியேப் ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான், வந்தால் வரட்டும், வராவிட்டால் சரி என்று நிற்கிற மாதிரி. குழந்தையின் கண் செருகியது. திட்டில் மருந்து இல்லை, கிழவருக்கு இழுக்க வலு இல்லை, அந்த ஒரு சட்டியும் உடைந்து கிடக்கிறது. கோவாங்கின் மீன் ஈட்டி குடிசையில் சாத்தியிருந்தது, அதை எடுத்தாள், எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மிதவையில் ஏறினாள். அவளே ஏறினாள்.

இப்போது அந்தப் பிடரி கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. துடுப்படி பட்ட இடம் தடித்து வீங்கியிருந்தது, அதன் மேல் ஈ உட்கார்ந்தது, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்ததால் ஓட்ட முடியாமல் தோளைக் குலுக்கினான், இளம்பிள்ளையின் கழுத்து, இன்னும் முற்றவில்லை. கெளுத்தி குத்துகிற மாதிரிதான், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் இறக்கித் திருக வேண்டும், அவளுக்குத் தெரியும், ஆயிரம் மீன் குத்தியிருக்கிறாள். குத்திவிட்டு? மிதவை நடுத்தண்ணீரில் நிற்கும், அது வடக்கே இழுத்துக்கொண்டு போகும், இரும்பு வண்டி இருக்கிற பக்கம். அது தெரிந்துதான் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறானா, இல்லை, குத்தட்டும் என்றுதான் நடக்கிறானா… தெற்கே வெகுதூரத்தில் பனைமரத் தலைகள் தெரிந்தன. தீவு.

"எங்க வச்சு?"

அவன் நிற்கவில்லை. "புல்காட்டு ஓடையில. மாட்டை விட மாட்டேன்னு நின்னாரு."

"சுட்டதும் போயிட்டாரா?"

"இல்ல." கொஞ்ச தூரம் நடந்தான். "பொழுது சாயிற வரைக்கும் இருந்தாரு. பேசிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மண்ணு தோண்டி வச்சேன் அண்ணி. கழுகு தொடல."

எல்லாரும் சாகிறார்கள், எவரையும் யாரும் புதைப்பதில்லை, இவன் தோண்டியிருக்கிறான். வயிற்றில் குண்டு பட்டவர்கள் கேட்பது ஒன்றுதான், அவள் நாணலுக்குள்ளிருந்து எத்தனை பேர் கேட்கக் கேட்டிருக்கிறாள், கிட்டே போகப் பயந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். "தண்ணி கேட்டாரா?"

"கேட்டாரு."

"குடுத்தியா?"

தண்ணீர் அவன் மார்பில் பிளந்து பிளந்து மூடியது. "எங்கிட்ட இருந்தது நான் வாய் வச்ச குடுக்கை" என்றான். "சுட்டுட்டேன்ல. எப்படிக் குடுக்க?"

ஈட்டி அவள் கையில் தானாகப் போனது மாதிரிதான் இருந்தது, நுனி தோள்பட்டைக்குக் கீழே தோலைத் தொட்டது, அழுத்தினாள், தோல் முதலில் உள்வாங்கிப் பிறகு டப்பென்று விட்டது, இரும்பு சதைக்குள் போவது கம்பு வழியாக உள்ளங்கைக்குத் தெரிந்தது, தண்ணீர் கேட்டுக்கொண்டு மக்குவாய் ஒரு பொழுது முழுக்க, பொழுது சாயிற வரைக்கும், ஓடைக் கரையில், தண்ணீர் ஓடுகிற சத்தம் காதில் விழ விழ… அவன் "ம்" என்றான், அவ்வளவுதான். நின்றான். கயிறு தொய்ந்தது. திரும்பவில்லை. "அண்ணி, அந்தப் பனைமரம் வரைக்கும் போயிடலாம். பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒங்க இஷ்டம்."

இரத்தம் முதுகு வழியாக இறங்கியது, சிவப்பு நூலாக, தண்ணீர்மட்டத்துக்கு வந்ததும் நூல் பிரிந்து புகையாகியது. நீரோட்டம் வடக்கே, மிதவையும் அவனுக்கு வடக்கில், புகை அவளை நோக்கி நிதானமாக வந்தது. மிதவையின் ஓரத்தில் நியாவாலின் கை தொங்கிக்கொண்டிருந்தது, நாலு விரலும் தண்ணீருக்குள். நியாதாப் ஈட்டியை விட்டுவிட்டு அந்தக் கையைப் பறித்து மேலே எடுத்தாள், பாவாடையில் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும், அழுத்தித் துடைத்தாள், குழந்தை முனகியது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே, என்ன செய்கிறோம் என்று பார்த்தாள். ஈட்டி அவன் முதுகில் ஆடிக்கொண்டிருந்தது, அவன் கையைப் பின்னால் வளைத்து அதைப் பிடுங்கி, கம்புப் பக்கமாக அவளிடமே நீட்டிவிட்டு, கயிற்றை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். இந்தச் சதுப்பு முழுக்க ஒரே பாத்திரம்தானே, காலையிலிருந்து அவன் நடந்த தண்ணீர்தானே… பங்கிட்டால் இரண்டு பக்கமும் சாகும், அதுதானே சொன்னார்கள், சாகட்டும் என்றுதானே குத்தினாள், பிறகு யாரைக் காப்பாற்ற இந்த விரல்களைத் துடைக்கிறாள், குழந்தையை என்றால் சரி, குழந்தையை மட்டுமா… கயிறு இறுகியது. மிதவை நகர்ந்தது. அவள் குழந்தையின் இன்னொரு கையையும் எடுத்துத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.